மெத்தைக் காலுறை

மெத்தைக் காலுறை என்பது உள்ளங்கால், குதிகால், விரல் நுனி ஆகிய இடங்களில் கூடுதல் தடிப்புடன் பின்னப்பட்ட காலுறை ஆகும். பேச்சு வழக்கில் காலுறையைச் "சாக்சு" என்றே பலரும் குறிப்பிடுவர். இத்தகைய காலுறை நடக்கும்போது பாதத்தின் மீது விழும் அழுத்தத்தைப் பரப்பி விடுகிறது. தோலுக்கும் காலணிக்கும் இடையிலான உராய்வையும் குறைக்கிறது. நெடுந்தொலைவு ஓடுவோர், மலையேறுவோர், படைவீரர் ஆகியோருக்காகவே இது பெரிதும் விற்கப்படுகிறது. எனினும் தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரி வடிநிலத்தில், இதன் பயன் வேறு வகையானது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டிலும் கோயிலிலும் நடப்பது இங்கு இயல்பு. நீரிழிவு நோயால் பாதத்தின் உணர்வை இழந்தோருக்கு அவ்வாறு நடப்பது பெருந்தீங்காக முடியலாம். மெத்தைக் காலுறை அவர்களுக்கு எந்த அளவு உதவும், எங்கே உதவாது என்பதை அறிய அதன் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

அமைப்பு

பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணியின் ஊடே அடுத்த கண்ணியை இழுத்து, அதன் ஊடே மற்றொன்றை இழுத்துத் துணி வளர்கிறது. தறியில் நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நேராகக் கிடக்கின்றன. பின்னல் துணியிலோ அவை வளைந்து வளைந்து செல்வதால் துணி நீண்டு கொடுக்கிறது. பனியனும் காலுறையும் உடலோடு ஒட்டி நிற்பது இதனால்தான். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589 ஆம் ஆண்டில் உருவாக்கிய முதற்பின்னற்பொறி காலுறை பின்னுவதற்கென்றே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வெற்றுப் பின்னலில் அமைந்த காலுறை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உடையது. மெத்தைக் காலுறையில் ஒரே நேரத்தில் இரண்டு நூல்கள் ஊசிக்கு ஊட்டப்படுகின்றன. ஒன்று அடிநூல், பெரும்பாலும் நைலான். இது துணியின் கட்டுக்கோப்பைத் தாங்குகிறது. மற்றொன்று மெத்தை நூல். பருத்தி, அக்ரிலிக் அல்லது கம்பளி. பின்னற்பொறியில் ஊசிகளுக்கு இடையே நூலை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள் உள்ளன. இத்தகட்டில் உயரம் வேறுபட்ட இரு விளிம்புகள் இருக்கும். அடிநூல் தாழ்ந்த விளிம்பின் மீதும், மெத்தை நூல் உயர்ந்த விளிம்பின் மீதும் வளைகின்றன. உயரத்தில் வளைந்த நூல் நீண்ட கண்ணியாகி, துணியின் உட்புறத்தில் எழுந்து நிற்கிறது. டர்க்கி டவல் எனப்படும் துவாலையின் மேற்பரப்பை விரலால் தடவிப் பார்த்தோர் இதை எளிதில் உணரலாம். துவாலை நெய்யப்படுவது, காலுறை பின்னப்படுவது. ஆயினும் இரண்டிலும் எழுந்து நிற்பவை நூற்கண்ணிகளே.

கண்ணிகளின் உயரம் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். காலுறை முழுவதும் கண்ணிகள் இருப்பின் அது முழு மெத்தை. உள்ளங்காலிலும் குதிகாலிலும் விரல் நுனியிலும் மட்டும் இருப்பின் அரை மெத்தை. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர மாவட்டங்களுக்கு அரை மெத்தையே ஏற்றது. மேற்பாதம் எடையைத் தாங்குவதில்லை. அங்கே தடிப்பு சேர்த்தால் வியர்வைதான் மிஞ்சும்.

காலுறைப் பொறி ஒரு சிறிய உருளை. அதன் குறுக்களவு ஏறத்தாழ நான்கு அங்குலம்; சுற்றிலும் 144, 168, 200 என்ற எண்ணிக்கைகளில் ஊசிகள் அமைகின்றன. ஊசிகள் குறைந்தால் தடித்த நூலைப் பயன்படுத்த முடியும் என்பதால், மெத்தைக் காலுறைகள் பலவும் குறைந்த ஊசிகள் கொண்ட பொறியில் பின்னப்படுகின்றன. திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்டப்பொறிகள் இவற்றைவிடப் பன்மடங்கு அகலமானவை. அத்துணியை வெட்டித் தைத்தே ஆடையாக்குவர். காலுறையோ பொறியிலிருந்து ஏறத்தாழ முழு வடிவிலேயே இறங்குகிறது. விரல் முனையை மூடும் வேலை மட்டும் எஞ்சும். அந்த மூட்டுத் தையல் சிறியதுதான் என்றாலும், பின்னர் காணப்போவது போல் அதுவே தொல்லை தரவும் கூடும்.

அழுத்தமும் உராய்வும்

அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அசையாது நிற்கும்போது அவரது இரு பாதங்களும் ஏறத்தாழ 590 நியூட்டன் விசையைத் தரைக்குத் தருகின்றன. பாதங்கள் தரையைத் தொடும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், சராசரி அழுத்தம் 30 கிலோபாசுக்கல் அளவே. நடக்கும்போது நிலைமை மாறுகிறது. குதிகால் ஊன்றும் கணத்தில் உடலெடைக்குச் சற்று மேற்பட்ட விசை, 30 சதுர சென்டிமீட்டர் போன்ற சிறு பரப்பில் விழுகிறது. அப்போது அழுத்தம் 200 கிலோபாசுக்கலைத் தாண்டி விடும். அடுத்து எடை முன்பாதத்துக்கு நகர்ந்து, விரல்களின் அடியெலும்பு முனைகளில் குவிகிறது. அங்கே கால் ஆணியோ காய்ப்போ இருந்தால் அழுத்தம் இன்னும் மிகும்.

மெத்தை செய்வது எடையைக் குறைப்பது அன்று. எடையைத் தாங்கும் பரப்பை மிகுதியாக்குவதே. எலும்பு முனைக்கு நேர் கீழே உள்ள கண்ணிகள் முதலில் அமுங்குகின்றன. அவை அமுங்கியதும் அருகிலுள்ள தோலும் கண்ணிகளைத் தொட்டு எடையில் பங்கேற்கிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணிகள் முற்றிலும் படிந்துவிட்டால் அதற்கு மேல் மெத்தை என்று ஒன்று இல்லை. களத்து மேட்டில் புதிதாகப் பரப்பிய வைக்கோல் காலுக்குத் துள்ளிக் கொடுக்கும்; மாடுகள் மிதித்த வைக்கோல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பழைய காலுறையின் நிலையும் அதுவே.

கொப்புளம் வேறொரு காரணத்தால் உண்டாகிறது. எலும்பு ஒரு பக்கமும், காலணியில் ஒட்டிய தோல் மறு பக்கமும் இழுக்கும்போது தோலின் மேலடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நகர முயல்கின்றன. இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தால் அடுக்குகள் பிரிந்து, இடைவெளியில் நீர் கோக்கிறது. எழுந்து நிற்கும் கண்ணிகள் முன்னும் பின்னும் சாயக்கூடியவை. எனவே அசைவு தோலுக்குள் நிகழாமல் காலுறைக்குள்ளேயே நிகழ்ந்து முடிகிறது. சற்றே ஈரமான தோலில் உராய்வு மிகும். ஆதலால் வியர்வையை எந்த நூல் எவ்வாறு கையாளுகிறது என்பது இங்கே முதன்மையான கேள்வியாகிறது.

எந்த நூல்?

வெப்ப நாட்டுக்குப் பருத்தியே சிறந்தது என்பது பரவலான கருத்து. சட்டைக்கும் வேட்டிக்கும் அது பொருந்தும். காலுறை மெத்தைக்கு முழுவதும் பொருந்தாது. பருத்தி இழை நீரை உறிஞ்சிப் பருக்கிறது. நனைந்த பருத்திக் கண்ணி நிமிர்ந்து நிற்கும் ஆற்றலை இழந்து படிகிறது. உலரவும் நெடுநேரம் எடுக்கிறது. அக்ரிலிக் இழை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஈரத்திலும் தன் வடிவத்தைக் காக்கிறது. கம்பளி ஈரத்தை உறிஞ்சினாலும் துள்ளும் தன்மையை எளிதில் இழப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சமவெளியில் அதை விரும்பி அணிவோர் அரியர்.

இது குறித்து அமெரிக்காவில் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் இரண்டு ஆய்வுகள் நடந்தன. 1990 இல் வெளியான முதல் ஆய்வில், அடர்ந்த மெத்தையுடைய காலுறைகளில் அக்ரிலிக் அணிந்தோருக்குப் பருத்தி அணிந்தோரைவிடக் கொப்புளங்கள் குறைவாக உண்டாயின. 1993 இல் அதே ஆய்வாளர்கள் சாதாரண மெத்தைக் காலுறையைக் கொண்டு மீண்டும் ஆய்ந்தபோது இரு நூல்களுக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. நூலின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில் பயனில்லை. கண்ணிகள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்பதும் சேர்ந்தே பயனை முடிவு செய்கிறது என்று இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்போர் உணரலாம். காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பி, இரு கைகளாலும் இலேசாக இழுத்துப் பார்த்தால், கண்ணிகளுக்கு இடையே அடிநூல் எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு அடர்த்தியை ஓரளவு மதிப்பிட முடியும்.

கையால் பின்னும்போது

கைப்பின்னலிலும் மெத்தை சேர்க்க வழிகள் உண்டு. குதிகால் பகுதியில் ஒரு வரிசையில் ஒன்று விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி விடுவர். அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் பின்னுவர். பின்னாமல் விட்ட கண்ணிகளுக்குப் பின்னால் நூல் கிடந்து செல்வதால் துணி ஏறத்தாழ இரட்டைத் தடிப்பாகிறது. இதே முறையை உள்ளங்காலுக்கும் நீட்டலாம். ஆனால் இம்முறையில் துணியின் நீளம் சுருங்கும். வெற்றுப் பின்னலுக்கு வேண்டியதைவிட மிகுதியான வரிசைகள் தேவைப்படும். மேற்பாதத்தை வெற்றுப் பின்னலாகவும் உள்ளங்காலை இவ்வாறும் பின்னுவோர் அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உள்ளங்காலுக்கு மட்டும் இரண்டாம் நூல் ஒன்றைச் சேர்த்துப் பின்னுவது மற்றொரு வழி.

தடிப்பு கூடும்போது உள்ளளவு குறையும் என்பதைப் பின்னுவோர் மறந்துவிடுவதுண்டு. காலுறையைச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் தடிப்பு கூடினால், வெளியளவு மாறாத நிலையில் உட்சுற்றளவு ஏறத்தாழ 12.5 மில்லிமீட்டர் குறைகிறது. காலணிக்கும் இக்கணக்கு பொருந்தும். ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் பாதத்தின் சுற்றளவு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடுகிறது. இது காலணியின் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது. முன்பே இறுக்கமாக உள்ள காலணிக்குள் மெத்தைக் காலுறையை நுழைத்தால், அடியில் குறைந்த அழுத்தம் பக்கவாட்டில் சுண்டுவிரல் மீது வந்து சேரும்.

செய்யக் கூடாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். துவாலைத் துண்டையோ பஞ்சையோ வெட்டிச் சாதாரணக் காலுறைக்குள் வைத்துத் தைப்பது எளிய வழியாகத் தோன்றும். அத்துண்டின் விளிம்பும் தையலும் ஒரு வரப்புப் போல் உயர்ந்து நிற்கும். அழுத்தம் பரவுவதற்கு மாறாக அவ்விளிம்பில் குவியும். பின்னலோடு பின்னலாக வளர்ந்த மெத்தையில் இத்தகைய விளிம்பு இல்லை. தடிப்பு படிப்படியாக மாறுகிறது.

உணர்விழந்த பாதம்

நலமுள்ள ஒருவர் காலில் கல் உறுத்தினால் உடனே காலை மாற்றி ஊன்றுவார். நெடுநேரம் நடந்து பாதம் நொந்தால் நடையைச் சற்றே மாற்றிக்கொள்வார். இவை தாமாகவே நிகழ்கின்றன. நரம்பு கெட்டுப் போனவருக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்து, அவ்விடம் கன்றி, உள்ளே புண்ணாகி, காலுறையில் கறை கண்ட பின்னரே அவர் அறிய நேரும்.

இவ்வுண்மை தமிழ்நாட்டில் முதலில் தொழுநோயாளரிடையே தெளிவாக்கப்பட்டது. கொல்லிமலையில் 1914 இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கால் விரல்களும் பாதமும் அழிவது நோயால் சதை அழுகுவதால் அன்று, வலியுணர்வு இல்லாததால் நேரும் காயங்களாலேயே என்று அவரும் உடன் உழைத்தோரும் காட்டினர். வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த இப்பணியின் ஊடே, நுண்ணறைகள் நிறைந்த மென்ரப்பரால் ஆன செருப்பு நோயாளரின் வழக்கத்துக்கு வந்தது. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற பெயரைச் சுருக்கி "எம்.சி.ஆர். செருப்பு" என மருத்துவமனைகளில் இதனை அழைப்பர். மென்மையான உள்ளடியும் உறுதியான வெளியடியும் இதன் இலக்கணம். அதே செருப்பு பின்னர் நீரிழிவு நோயாளருக்கும் உரியதாயிற்று.

நீரிழிவு நோயாளரின் எண்ணிக்கை தொழுநோயாளரினும் மிகப் பெரிது. 2011 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவில், தமிழ்நாட்டில் இருபது அகவைக்கு மேற்பட்டோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நகரத்து நோய் என்று கருதப்பட்ட இது சிற்றூர்களிலும் கணிசமாகப் பரவியிருந்ததை அவ்வாய்வு காட்டியது.

காலுறையின் பங்கு என்ன என்பதை இங்கிலாந்தில் மான்செசுட்டர் நகரின் ஆய்வாளர்கள் அளந்தனர். 1989 இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, நரம்பு கெட்ட நீரிழிவு நோயாளர் தனிச்சிறப்பாகப் பின்னப்பட்ட மெத்தைக் காலுறையை அணிந்து நடந்தபோது, வெறுங்காலோடு ஒப்பிட முன்பாதத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மாதங்கள் சில அணிந்து பழகிய காலுறைகளிலும் பயன் இருந்தது; ஆனால் தொடக்கத்தில் இருந்த அளவில் ஏறத்தாழப் பாதியே. கண்ணிகள் படிந்து போவதன் விளைவை இவ்வெண்களில் காணலாம்.

இதிலிருந்து ஒரு முரண் எழுகிறது. மெத்தைக் காலுறை "காலுக்கு இதமாக இருக்கிறதா?" என்று பார்த்தே வாங்கப்படுகிறது. ஆனால் அது மிகத் தேவைப்படும் பாதம் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாதது. இறுக்கமாக உள்ளதா, தையல் உறுத்துகிறதா என்பதை அவர் கண்ணாலும் கையாலும் பார்த்தே அறிய வேண்டும். இதனால்தான் இத்தகையோருக்கான காலுறையில் விரல் முனைத் தையல் தட்டையாக்கப்படுகிறது. தையல் உள்ள காலுறையாயின் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி அணியலாம். மேல்விளிம்பு கெண்டைக்காலை இறுக்கித் தடம் பதிக்கக் கூடாது. வெண்மை அல்லது வெளிர் நிறமே ஏற்றது. சிறு கசிவும் அதில் உடனே தெரியும்.

காவிரி வடிநிலத்தில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் வயல்களில் காலுறைக்கு இடமில்லை. குறுவை, சம்பா நடவுக் காலங்களில் முழங்கால் ஆழச் சேற்றில் நிற்போருக்கு முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணியும் உதவாது. சேறு அதைப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுதும் ஊறிய தோல் வெளுத்து, விரலிடுக்கில் வெடித்துச் சேற்றுப்புண் உண்டாகிறது. கோடையிலோ அதே குதிகால் உலர்ந்து பித்தவெடிப்புக் காண்கிறது. வேலை முடிந்து, கால் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடைத்த பின்னரே காலுறைக்கு வேலை தொடங்குகிறது. ஊறிய காலில் காலுறை மாட்டுவது சேற்றுப்புண்ணை வளர்ப்பதற்கே வழியாகும்.

சிமெண்டுத் தரையும் கல் தரையும் உள்ள வீட்டுக்குள் செருப்பணியும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒருவர் ஒரு நாளில் எடுத்துவைக்கும் அடிகளில் பெரும்பகுதி வெறுங்காலில் நிகழ்கிறது. மருத்துவமனையில் கொடுத்த செருப்பு வாசற்படியிலேயே கிடக்கும். வீட்டுக்குள் அணிவதற்குத் தனியாக ஒரு மென்செருப்பு வைத்துக்கொள்வதே மருத்துவர்கள் சொல்லும் வழி. அதற்கு இசையாதவர்கள் மெத்தைக் காலுறையையேனும் அணிவது வெறுங்காலை விட மேலானது. வழவழப்பான ஓட்டுத் தரையில் இது வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர்ப் புள்ளிகள் பதித்த காலுறை வேண்டும். வெளியே செல்கையில் வார் விரலிடுக்கில் செல்லும் ரப்பர் செருப்போடு சாதாரணக் காலுறை பொருந்தாது. கட்டைவிரல் பிரிந்த காலுறைகள் கடைகளில் கிடைப்பினும் அவை பெரும்பாலும் மெல்லியவை. பின்வார் வைத்து, விரலிடுக்கு வார் இல்லாத செருப்பே மெத்தைக் காலுறைக்கு இணை.

கோயிற் கல்லின் சூடு

தஞ்சைப் பெரிய கோயில் இராசராச சோழனால் கட்டப்பட்டு 1010 இல் நிறைவெய்தியது. அதன் பரந்த திருச்சுற்றில் சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பது எளிதன்று. காலுறை அணிந்து விரைந்து நடக்கும் பயணிகளை அப்போது காணலாம். தென்னை நார் விரிப்பு இடுவதும், நடைபாதையில் வெண்பூச்சுப் பூசுவதும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கையாளப்படும் வழிகள்.

தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது 1947 இல் மோரிட்சு, என்றிக்குசு ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில் அளக்கப்பட்டது. தோலின் மேற்பரப்பு 44 பாகை செல்சியசில் இருந்தால் புண்ணாக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். 60 பாகையில் 5 வினாடிகளே போதும். இடைப்பட்ட ஒவ்வொரு பாகையும் நேரத்தைக் கடுமையாகக் குறைக்கிறது. வெயிலில் காய்ந்த கருங்கல் 50 பாகையைத் தாண்டக்கூடியது. கருங்கல் வெப்பத்தைக் காற்றை விட ஏறத்தாழ நூறு மடங்கு எளிதாகக் கடத்துகிறது. கண்ணிகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் மெத்தைக் காலுறையின் காப்பு.

அக்காப்பு வெப்பம் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறதே அன்றித் தடுப்பதில்லை. உணர்வுள்ள பயணிக்கு அத்தாமதம் போதும்; சுட்டவுடன் நிழலுக்கு ஓடிவிடுவார். உணர்விழந்தவர் அருச்சனைக்காக வரிசையில் நின்றுகொண்டே இருப்பார். வீடு திரும்பிய பின் உள்ளங்காலில் கொப்புளத்தைக் காண்பார். இந்திய மருத்துவர்கள் நீரிழிவு நோயாளரின் பாதத் தீப்புண்களுக்குக் காரணமாகக் கூறுவனவற்றுள் சூடான தரையில் வெறுங்காலுடன் நடப்பதும் ஒன்று. காலையிலோ மாலையிலோ வழிபாட்டை வைத்துக்கொள்வதே இவர்களுக்குப் பாதுகாப்பு. காலுறை அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

ஆகத்து 29 இல் கொடியேறி செப்டம்பர் 8 இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனாக நடந்து செல்வோர் பலர். தஞ்சாவூரிலிருந்து அது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். செருப்பின்றிக் காலுறையோடு மட்டும் தார்ச்சாலையில் நடப்போர், அது சூட்டையும் உராய்வையும் ஓரளவு தாங்கினாலும் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் தடுக்காது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சாலையோரங்களில் மண்டியுள்ள சீமைக்கருவேலத்தின் முள் ரப்பர் செருப்பையே துளைக்க வல்லது. ஒவ்வொரு தங்கலிலும் காலுறையை மாற்றுவதும், கழற்றியதை உதறி உட்புறம் பார்ப்பதும் நலம்.

துவைத்தலும் உலர்த்தலும்

மெத்தைக் காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பித் துவைத்தால் கண்ணிகளில் சிக்கிய மண்ணும் தோல் துகளும் நீங்கும். கல்லில் அடித்துத் துவைப்பதும் முறுக்கிப் பிழிவதும் கண்ணிகளைச் சிதைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தடித்த காலுறை உலர இரண்டு நாளும் ஆகலாம். அரை ஈரத்தோடு அணிந்தால் விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்று வரும். மழைக்காலத்துக்கு மூன்று இணைகளாவது வைத்திருப்பது நல்லது. உலர்ந்த காலுறைக்குள் கையை நுழைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கையில் குதிகாலோ முன்பாதமோ மற்ற இடங்களை விட வெளிறித் தெரிந்தால் அங்கே மெத்தை தேய்ந்துவிட்டது. அத்தகைய காலுறையை ஊசி நூலால் ஒட்டுப்போடுவது உணர்விழந்த பாதத்துக்கு ஆகாது. ஒட்டின் முடிச்சும் உறுத்தும் பொருள்தான்.